போர்க்காலக் கூடாரத் துணியும் மிலிட்டரி சாமான்களும்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் பொள்ளாச்சி, மறுபக்கம் பாலக்காடு. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் பழைய மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு குறைவு. அவர்கள் வீட்டுப் பரணிலும் மாட்டுத் தொழுவத்திலும் கிடக்கிற கித்தான் துணி, பெல்ட், தண்ணீர் பாட்டில் பற்றி பலரும் விசாரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

எந்தெந்தப் பொருள்கள் இதில் அடங்கும்?

ஒரு சிப்பாய் போர்க்களத்தில் படுத்தது, போர்த்தியது, முதுகில் சுமந்தது, சாப்பிட்டது, குடித்தது எல்லாமே அடங்கும். கூடாரத் துணி, தரைவிரிப்பு, மழைக்கோட்டாகவும் ஆகிற போர்வை, கொசுவலை, உருமறைப்பு வலை, முதுகுப்பை, தோள் பட்டை, தோட்டாப்பை (காலியானது), மெஸ் டின் (சிப்பாய் சாப்பிடுகிற தகரப் பாத்திரம்), தண்ணீர் பாட்டில், முளை, கயிறு. துப்பாக்கியும் வெடிபொருளும் இதில் சேராது. அவற்றை நான் தொடுவதில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

உருமறைப்பு அச்சிட்ட கூடாரத் துணி எப்போது வந்தது?

இத்தாலி ராணுவம் 1929-இல் கொடுத்த சதுரத் துணிதான் ஆரம்பம். பச்சை, பழுப்பு, மண்நிறத் திட்டுகளை இயந்திரத்தில் அச்சடித்து, பெரிய அளவில் சிப்பாய்களுக்கு விநியோகித்த முதல் உருமறைப்புத் துணி அது. அதற்கு முன்னால், முதல் உலகப் போரில், துணியின் மேல் கையால் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து 1931-இல் ஜெர்மனியின் முக்கோணத் துணி. சேகரிப்பவர்கள் ‘செல்ட்பான்’ என்று ஜெர்மன் பெயரிலேயே சொல்வார்கள். உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்கூரான வடிவங்கள், நடுவே மழைச்சாரல் போலக் குட்டிக் கோடுகள். ஒரு பக்கம் கரும்பச்சை ஓங்கி இருக்கும், திருப்பினால் வெளிர் பழுப்பு. ஓரமெல்லாம் பொத்தான்கள், பொத்தான் துளைகள். ஒருவருக்கு ஒரு துண்டு. அதோடு கம்பத்தின் ஒரு துண்டு, இரண்டு முளை, 2 மீட்டர் கயிறு. நாலு பேர் சேர்ந்து துணிகளைப் பொத்தான் போட்டு இணைத்து, நாலு கம்புத் துண்டையும் ஒன்றில் ஒன்று செருகினால் பிரமிடு மாதிரி ஒரு கூடாரம் எழும். தனியாக இருக்கிறவனுக்கு அதே துணி மழைப் போர்வை. காயம்பட்டவனைத் தூக்கவும் அதுதான். ஒரே துணியை இத்தனை வேலைக்கு யோசித்துத் தைத்த அந்தக் கைத்திறன்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

சோவியத் படையின் துணி ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் சதுரம், தோளில் போட்டால் அங்கி, கட்டினால் கூரை. அமெரிக்கச் சிப்பாய் பாதிக் கூடாரம் சுமந்தான். கூட ஒரு மடக்குக் கம்பு, ஐந்து முளை, ஒரு கயிறு. இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு கூடாரம். பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்க மரைன்களுக்கு, ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் பழுப்புமாகப் புள்ளி போட்ட உருமறைப்புத் துணியில் இந்தப் பாதிக் கூடாரம் வந்தது.

இவையெல்லாம் நம்ம பக்கத்தில் கிடைக்குமா?

ஐரோப்பியத் துணிகள் அநேகமாகக் கிடைக்காது. யாராவது ‘பாலக்காட்டுப் பரணில் ஜெர்மன் கூடாரம்’ என்று காட்டினால் நிதானமாகப் பாருங்கள். நம் ஆட்கள் போனது வட ஆப்பிரிக்கா, ஈராக், இத்தாலி, மலேயா, பர்மா. இத்தாலியில் இருந்து திரும்பியவர் கையோடு ஏதாவது கொண்டுவந்திருக்கலாம், அது அபூர்வம்.

நிஜமாகவே கிடைப்பது இந்தியாவில் தைத்த சாமான்கள். இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் பேர் இந்தியப் படையில் சேர்ந்தார்கள், எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுக்கு வேண்டிய கூடாரமும் உடுப்பும் பெரும்பாலும் இங்கேயே தயாராயின. மத்தியக் கிழக்கில் இருந்த மற்ற நேச நாட்டுப் படைகளுக்கும் இங்கிருந்து போயின. அதுபோக, போரின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை சூலூரிலும் கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் விமானத் தளங்களும் பழுதுபார்க்கும் கூடங்களும் நடத்தியது. போர் முடிந்ததும் இந்த மாதிரி முகாம்களின் உபரிச் சாமான்கள் ஏலத்தில் போய், வண்டிக் கூரையாகவும் வைக்கோல் மூடியாகவும் ஆகிவிட்டன.

அதனால் தேட வேண்டிய இடம் பளபளப்பான பழம்பொருள் கடை இல்லை. கோயம்புத்தூர் உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகள், பாலக்காட்டுப் பக்கம் ஆக்ரிக்கடைகள் (அங்கே பழைய சாமான் கடைக்கு அதுதான் பெயர்), பழைய லாரி ஷெட், கடலைக்காய் காயப்போடுகிற களம், கள்ளு இறக்குகிற தோப்பில் இருக்கும் கொட்டகை. கெட்டியான கித்தானை யாரும் லேசில் எறிய மாட்டார்கள். ஓட்டை விழுந்த பிறகும் ஏதாவது ஒன்றை மூடிக்கொண்டுதான் கிடக்கும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருந்து காசு கொடுத்து ஜெர்மன் துணி வரவழைப்பதைவிட, நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரு வீட்டில் இருக்கிற, பெயரும் நம்பரும் மை அழியாத ஒரு முதுகுப்பை பெரிய விஷயம். ஜெர்மன் துணியைப் பத்திரப்படுத்த ஐரோப்பாவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பையை நாம் பார்க்காவிட்டால் பார்க்க ஆள் இல்லை.

இந்தியாவில் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் முத்திரையைத் தேடுங்கள். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கு அடையாளம் கோழிக்கால் தடம் மாதிரி மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி. அதன் கீழே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்தியா. அம்பு ‘சி’ எழுத்துக்குள் இருந்தால் கனடா. இரண்டு ‘டி’க்கு நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா. பக்கத்தில் ஆண்டும், செய்த இடத்தின் சுருக்கெழுத்தும் இருக்கும். பட்டையின் உள்பக்கம், பை மூடியின் அடிப்பக்கம், கூடாரத்தில் கயிறு கட்டும் மூலை, மெஸ் டின்னின் கைப்பிடி என்று தேடிப் பாருங்கள். மங்கிப்போயிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து அடித்தால் தெரியாதது சாய்வு வெளிச்சத்தில் தெரியும்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் 1937 மாதிரிப் பட்டைகள்தான் அதிகம் அகப்படும். இடுப்புப் பெல்ட், இரண்டு தோள் பட்டை, நெஞ்சின் இருபுறமும் சதுரத் தோட்டாப்பை, முதுகில் சின்னப் பை. இங்கிலாந்தில் நெய்தது வழவழவென்று சீராக இருக்கும். நம் ஊர் நெசவு கொஞ்சம் கரடு, நூல் தடிமன். இதைக் குறை என்று எண்ண வேண்டாம். அவசரத்தில், கிடைத்த நூலில், லட்சக்கணக்கில் செய்ததன் தடம் அது.

நிறமும் ஒரு துப்பு. மணல் நிறக் காக்கி என்றால் ஆப்பிரிக்கா, ஈராக் பக்கம் போயிருக்கலாம். பர்மாக் காட்டுக்கு மணல் நிறம் ஆகாது என்று 1943 வாக்கில் காட்டுப்பச்சைக்கு மாறினார்கள். இருந்த காக்கியையே பச்சைச் சாயத்தில் முக்கியும் கொடுத்தார்கள். தையலைப் பிரித்து உள்மடிப்பைப் பார்க்கிற ஆசை வரும், பிரிக்காதீர்கள். ஏற்கெனவே விட்டுப்போன தையல் இருந்தால் அதன் வழியே பாருங்கள். உள்ளே காக்கி, வெளியே பச்சை என்றால் சாயம் மாற்றிய துணி.

எங்க அப்பாரு பெட்டியில் ஒரு பையும் பெல்ட்டும் இருக்கு. முதலில் என்ன செய்யணும்?

எடுத்துத் தட்டாதீர்கள், துடைக்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே போட்டோ எடுங்கள். பெட்டியைத் திறந்ததும் ஒன்று, ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும்போது ஒன்று. எந்தப் பொருள் எதனுள் இருந்தது என்பது முக்கியம். பைக்குள் ஒரு ரேஷன் டப்பா மூடியும் துணியில் சுற்றிய ஊசிநூலும் இருந்தால் அவை அங்கேயே இருக்கட்டும். தனித்தனியாகப் பிரித்துவிட்டால் அவை வெறும் டப்பா மூடி, வெறும் ஊசிநூல்.

அப்புறம் எழுத்துகள். பை மூடியில் எழுதிய நம்பரை அப்படியே, சந்தேகமான எழுத்தைக்கூட ஊகித்து நிரப்பாமல், காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அது படை எண்ணாக இருக்கலாம். கூடவே டிஸ்சார்ஜ் புத்தகம் (படையை விட்டு வரும்போது கொடுப்பது), பென்ஷன் காகிதம், குரூப் போட்டோ, மணியார்டர் ரசீது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த ரெஜிமென்ட் என்று தெரிந்தால் அதன் ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமென்ட் மையம் நீலகிரி வெலிங்டனில், மதராஸ் சாப்பர்கள் என்கிற பொறியாளர் படையின் மையம் பெங்களூரில். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு, எங்கே எழுதுவது என்று வழிகாட்டுவார்கள். போரிலேயே இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பெயரைத் தேடலாம். உடல் கிடைக்காத நம் ஆட்கள் பலரின் பெயர் யாங்கூன் அருகே டவுக்யானிலும் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, வீட்டில் வயசானவர்கள் யாராவது இருந்தால் அன்றைக்கே போனில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். துணி இன்னும் பத்து வருஷம் தாங்கும். அந்த அமுச்சிக்கு நினைவில் இருக்கிற ஊர்ப் பெயர் தாங்காது.

அப்புச்சி ஐ.என்.ஏ.வில் இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் பெல்ட்டில் பிரிட்டிஷ் முத்திரை இருக்கிறது. அப்படியென்றால் பொய்யா?

பொய் என்று அர்த்தமில்லை. இந்திய தேசிய ராணுவம் 1942-இல் உருவானபோது சேர்ந்தவர்களில் பெரும்பங்கு சிங்கப்பூரிலும் மலேயாவிலும் ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள். 1943-இல் நேதாஜி வந்த பிறகு மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்ததும் பெரும்பாலும் பிரிட்டிஷாரிடம் கைப்பற்றிய சாமான்தான். ஆகவே அம்புக்குறி முத்திரை பெல்ட் எங்கே தயாரானது என்று சொல்லும். யார் பக்கம் நின்று கட்டிக்கொண்டார்கள் என்று சொல்லாது. அதைக் காகிதமும் வாய்மொழியும்தான் சொல்லும்.

ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதை நடத்திய கேப்டன் லட்சுமியின் தாய்வீட்டு ஊர் நம் பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரை. அந்தப் பெண்கள் கட்டிய பெல்ட்டோ பையோ இந்தப் பக்கம் ஒரு வீட்டிலாவது இருக்கும் என்று நம்பித் தேடிக்கொண்டே இருக்கிறேன். தகவல் இருப்பவர்கள் பொருளைக் கொடுக்க வேண்டாம், பார்க்க விட்டால் போதும்.

அழுக்காக, பூசணம் பிடித்து இருக்கிறது. துவைக்கலாமா?

துவைக்கக் கூடாது. சோப்பும் வெந்நீரும் மூன்று கெடுதல் செய்யும். கித்தான் சுருங்கும். மை முத்திரை கரையும். தண்ணீர் ஒட்டாமலும் மக்காமலும் இருக்க ஏற்றிய மெழுகும் தாமிரக் கலவையும் போய்விடும். 1937 பட்டைகளின் மேல் பூசிய பச்சைப் பொடி, ‘பிளாங்கோ’, அதுவும் போகும். அது சிப்பாய் தன் கையால் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தது. பித்தளை பக்கிளைப் பளபளவென்று துலக்குவதும் வேண்டாம். பாலிஷ் பட்டையில் இறங்கி வெள்ளைக் கறையாக நிற்கும், பிறகு போகாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காய்ந்த நாளில், வெளியே நிழலில், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் நூல் போகிற திசையில் தட்டிவிடுங்கள். வேக்யூம் கிளீனர் இருந்தால் வாயில் கொசுவலைத் துணி கட்டிக் குறைந்த வேகத்தில் உறிஞ்சுங்கள். முகமூடி அவசியம். பூசணத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. அந்தக் காலத்தில் துணிகளில் பூச்சிமருந்தும் ஏற்றினார்கள். குழந்தைகளுக்குப் போர்த்தி போட்டோ எடுக்கிற பழக்கம் கூடாது.

பூசணத்தைப் பற்றி ஒரு தகவல், சொல்லாமல் விட மனசில்லை. பசிபிக் தீவுகளில் அமெரிக்கக் கூடாரங்கள் நம்ப முடியாத வேகத்தில் மக்கிப்போயின. ஏன் என்று ஆராய்ந்தவர்கள் சாலமன் தீவுகளின் போகன்வில்லில் ஒரு கூடாரத் துணியில் இருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். பருத்தியின் செல்லுலோசைக் கரைத்து உண்கிற பூஞ்சை. பிற்பாடு அதற்கு ‘டிரைக்கோடெர்மா ரீசி’ என்று, ஆராய்ந்த எல்வின் ரீஸ் பெயரையே வைத்தார்கள். செல்லுலோசைக் கரைக்கிற செல்லுலேஸ் நொதி தயாரிக்க இன்றைக்கு உலகமெங்கும் ஆலைகளில் வளர்க்கிற டிரைக்கோடெர்மா ரீசி வகைகள் அந்த ஒரு கூடாரத்துப் பூஞ்சையின் வழி வந்தவை. திருப்பூரில் பனியன் துணிக்கு ‘பயோ வாஷ்’ போடுகிறார்களே, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற நுண்நூலைத் தின்று வழவழப்பாக்குவது இந்த வகை நொதிதான். உங்கள் பரணில் இருக்கிற துணிக்கு அது என்ன செய்யும் என்று இப்போது புரியும்.

மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

இடத்துக்கு இடம் மாறும். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய்க் காற்று அடித்துத் தள்ளும், புழுதி எல்லாப் பெட்டியிலும் ஏறும். பாலக்காடு தாண்டி ஒற்றப்பாலம், பட்டாம்பி போனால் ஈரம்தான் எதிரி. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் வேர்விடும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். கண்ணால் ஊகிப்பதைவிட நூறு மடங்கு மேல்.

துணியை நாலாக எட்டாக மடித்து வைக்காதீர்கள். மடிப்பில்தான் முதலில் நூல் அறும். துவைத்துக் கஞ்சி போக்கிய காடாத்துணியைக் கெட்டிக் குழாயில் சுற்றி, அதன்மேல் கூடாரத் துணியை அச்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். மேலே இன்னொரு காடாத்துணி. பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். மிலிட்டரி டிரங்குப் பெட்டியில் வைக்க ஆசை என்றால் உள்ளே துரு இல்லை என்று பார்த்துவிட்டு, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள், மழை அடிக்கிற சுவரை ஒட்டி வேண்டாம். கரையான் கோடு சுவரில் ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வேப்பிலையும் வசம்பும் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நன்றாக உலர்ந்ததைத் துணிப்பொட்டலமாகக் கட்டி, சாமான் மேல் படாமல் மூலையில் வைத்தால் தப்பில்லை. பச்சை இலை வைத்தால் ஈரத்தை நாமே உள்ளே விட்ட கதைதான். அதை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. கம்பளி உறை போட்ட தண்ணீர் பாட்டில்தான் பூச்சிக்கு முதல் பலி. பூச்சி இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் பாட்டிலை உறையோடு பாலிதீனில் காற்றுப்போகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு திறங்கள். ஈரம் கவரின் வெளியே படியும், துணியில் படியாது.

ரப்பர் பூசிய தரைவிரிப்பு ஒட்டிக்கொண்டது. பிரிக்க முடியுமா?

வெயில் காலத்தில், நம் பக்கம் 40 டிகிரியைத் தொடுகிற மார்ச், ஏப்ரலில், முயலாதீர்கள். குளிர்ந்த அதிகாலையில் மெதுவாக, விடுகிற அளவு மட்டும் பிரியுங்கள். வராத இடத்தை விட்டுவிடுங்கள். பிரிந்த பகுதியில் வாசனையில்லாத டால்கம் தூளைத் தூவிக் காடாத்துணியை நடுவே கொடுங்கள். ரப்பருக்கு வெளிச்சமும் சூடும் செம்பும் ஆகாது. ஒட்டிப்போன பழைய ரப்பரை மீட்கிற மருந்து எதுவும் இல்லை. கெடுவதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

போலியை எப்படி அறிவது?

முதலில், எல்லாமே ஏமாற்றுவதற்குச் செய்தவை அல்ல. சினிமாவுக்கும் நாடகத்துக்கும் புதிதாகத் தைப்பது தனித் தொழில். போருக்குப் பிறகும் ஐரோப்பாவில் பல ராணுவங்கள் அதே சாயலில் துணி அச்சடித்தன. மேற்கு ஜெர்மனியே 1950-களில் சில்லு மாதிரி அச்சை மறுபடி எடுத்தது. அவை நேர்மையான பொருள்கள்தான், ‘1943’ என்று சொல்லி விற்கும்போதுதான் மோசடி.

ரூபாய் நோட்டுச் சோதிக்கிற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். வெண்மையூட்டும் ரசாயனம் துணியிலும் நூலிலும் பரவலாக வந்தது போருக்குப் பிறகு. தையல் நூல் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் யாராவது சமீபத்தில் சோப்புத் தூளில் துவைத்திருந்தால் அசலும் ஒளிரும். ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு வேண்டாம். தானாக அறுந்து தொங்குகிற நூல் நுனி ஒன்று இருந்தால், அதைக் கத்தரித்து வெளியே கொண்டுபோய்க் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். மணி திரண்டால் அந்தத் தையல் போர்க்காலத்தது இல்லை.

இன்னொன்று தேய்மானம். நிஜமாக உழைத்த பட்டை பக்கிள் உட்காருகிற இடத்திலும் தோள் மடங்குகிற இடத்திலும் தேய்ந்திருக்கும். டீத்தண்ணியில் ஊறவைத்துப் பழசாக்கியது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பழுப்பாக இருக்கும்.

போலீஸ் பிரச்சினை வருமா?

துணி, பெல்ட், பை, மெஸ் டின் வைத்திருப்பதால் வராது. கவனிக்க வேண்டியது வேறு.

வெடிகுண்டு, தோட்டா, ‘காலி’ என்று சொல்லப்படுகிற கையெறி குண்டு எதுவானாலும் தொடாமல் 112-க்குச் சொல்லுங்கள். எண்பது வருஷப் பழைய வெடிமருந்து இன்னும் வெடிக்கும். தென்னந்தோப்பில் குழி வெட்டும்போது கிடைத்தாலும், பாட்டி காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தாலும் இதே பதில்தான்.

துப்பாக்கி முனைக் கத்தி ஆயுதச் சட்டக் கணக்கில் வரும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி என்றால் உங்கள் பகுதியில் உரிமம் தேவையா என்று காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். 1907 மாதிரி முனைக்கத்தியின் அலகு 17 அங்குலம், அதனால் அது வந்தால் யோசிக்கவே வேண்டாம், கேட்டாக வேண்டும்.

முதல் உலகப் போர்ச் சாமான்கள் நூறு வயதைத் தாண்டிவிட்டன. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்பத் தடை போடுகிறது, வியாபாரம் செய்ய உரிமம் கேட்கிறது. வெளிநாட்டுக்காரர் நல்ல விலை தருகிறார் என்று 1916 முத்திரை உள்ள பையைத் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

இப்போதைய ராணுவத்தின் உருமறைப்புச் சட்டை கடையில் விற்கிறதே, வாங்கிச் சேர்க்கலாமா?

வேண்டாம். 2022 ராணுவ நாளில் வெளியிட்ட புதிய வடிவத்தை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது, வெளிச்சந்தையில் விற்க அனுமதி இல்லை. சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்பதற்காக ராணுவ உடையைப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். வாளையார் சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்கிற நிலை எதற்கு?

வாயு முகமூடியும் திசைகாட்டியும் கிடைத்தன. போட்டுப் பார்க்கலாமா?

முகமூடியை ஒருபோதும் முகத்தில் வைக்காதீர்கள். அந்தக் காலத்து வடிகட்டிகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கெட்டியான பையில் மூடிக்கட்டி, ‘திறக்காதே’ என்று எழுதி வையுங்கள். இருட்டில் தெரியும்படி எண் எழுதிய திசைகாட்டியிலும் கைக்கடிகாரத்திலும் ரேடியம் பூச்சு இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும் கதிரியக்கம் அங்கேயே இருக்கிறது, ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

விலை எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு பட்டியல் போட்டுத் தர முடியாது. முத்திரை தெளிவாக இருப்பது, எல்லாத் துண்டும் ஒரே ஆண்டைச் சேர்ந்தது, பிறகு யாரும் வெட்டித் தைக்காதது, யாருடையது என்று தெரிந்தது, இவை நாலும் விலையை ஏற்றும். பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத்தான் தருவார்கள், அங்கே பேரம் பேசுங்கள். வீடுகளில் பேசாதீர்கள்.

வீடுகளில் எப்படிக் கேட்பது?

தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். ‘பழைய மிலிட்டரி சாமான் விலைக்கு இருக்கா’ என்று வாசலில் நின்று கேட்டால் ஆக்ரிக்காரன் என்றே நினைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. ‘அய்யா எந்த ரெஜிமென்ட்டுங்க, எங்கெங்க இருந்தாருங்க’ என்று கேளுங்கள். போட்டோவைக் காட்டுவார்கள், காபி வரும், பெட்டி தானாகத் திறக்கும். விற்க மனசில்லாதவர்களிடம் பத்திரப்படுத்தும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். பொருள் அந்த வீட்டிலேயே நல்லபடியாக இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. விற்கிறவர்களிடம், பெயரும் ஊரும் ரெஜிமென்ட்டும் அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைப் பொருளோடு வையுங்கள். மெடல் மட்டும் நான் வாங்குவதில்லை. பணமுடையில் இருக்கிற பிள்ளை விற்றதைப் பேரன் தேடி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கம்பும் முளையும் இல்லாத கூடாரம் கிடைத்தது. புதிதாகச் செய்து சேர்க்கலாமா?

தாராளமாக. கிடைப்பதில் பாதிக்கு மேல் அப்படித்தான், கம்பு அடுப்புக்குப் போயிருக்கும். நல்ல ஆசாரியிடம் அளவு கொடுத்து, நன்றாகக் காய்ந்த மரத்தில் கடையச் சொல்லுங்கள். பச்சை மரம் என்றால் அதன் சாறு துணியில் இறங்கும். துணியைத் தொடுகிற முனையில் பிசிறு இருக்கக் கூடாது. தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், சொரசொரப்பு ஐலெட்டை (கயிறு கோக்கிற துளையை) அறுக்கும், பருத்திக் கயிறு போதும். இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதை வருஷத்தில் ஒரு பொழுதோடு வைத்துக்கொள்ளுங்கள், காற்று எழுவதற்குள் இறக்கிவிடுங்கள். புதிதாகச் செய்த ஒவ்வொரு துண்டிலும் செய்த ஆண்டைச் சுட்டு எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் கையை விட்டுப் போகும்போது எது பழசு எது புதுசு என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.